மறைவுக்கு நட்ட மரங்கள்

அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உக்காந்து பார்க்கற வேலைதானே?"

ஆமாம் என்றேன். திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வாழ்நாள் முழுக்க அடுப்பின் முன்னால் நின்றே கழித்தவர் அவர். மகளாவது உட்காரட்டும் என்று நினைத்திருப்பார். நான் சொன்னது பொய். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் கிராம சேவிகாவுக்கு நாற்காலி கொடுப்பதில்லை. ஒரு பை, ஒரு குடை, ஒரு பயிற்சிப் புத்தகம், இவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து அந்தப் புத்தகத்தை அப்பா புரட்டிப் பார்த்துவிட்டார். எருக்குழியின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் படம் போட்டு விளக்கியிருந்த பக்கம்.

"ஏண்டி, குப்பை கொட்டறதுக்கா நோக்கு சர்க்கார் சம்பளம் தர்றது?"

"கொட்டறதுக்கு இல்லேப்பா. எப்படிக் கொட்டறதுன்னு சொல்லிக் கொடுக்கறதுக்கு."

"ஏன், ஜனங்களுக்கு அது தெரியாதாமா?"

என் பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எனக்குப் போட்ட ஊர் ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டுக்குச் சற்றுத் தள்ளி, கல்கத்தா ரோட்டை ஒட்டி இருந்தது. நெல் விளையும் ஊர். ஊராட்சித் தலைவர் வீட்டின் பக்கவாட்டு அறையில் குடியிருந்தேன். நாங்கள் வைஷ்ணவர்கள் என்று எவ்வளவு சொல்லியும் ஊருக்கு நான் 'ஐயரூட்டுப் பொண்ணு'தான். அதிலும் ஒரு வசதி இருந்தது. ஐயர் வீட்டுப் பெண் சாணியைப் பற்றிப் பேசுவதைப் பார்க்கவே முதல் கூட்டத்துக்கு நல்ல கும்பல் வந்தது.

அப்பா சொன்னது சரிதான். ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் ஒரு குப்பைமேடு இருந்தது. மாட்டுச் சாணி, வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல் எல்லாம் சேர்ந்து, வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து, காற்றில் ஊர் முழுக்கப் பறந்தது. அதைக் குழியில் போட்டு மூடினால் நல்ல எரு கிடைக்கும், ஈ குறையும் என்று நான் வீடு வீடாகச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் ஒரு கூடைகூடக் குழியில் போடவில்லை. காரணத்தைத் தலைவர்தான் கடைசியில் விளக்கினார். ஊரிலேயே உயரமான மேடு அவருடையது.

"குழில போட்டு மூடிட்டா, எங்கூட்ல எத்தினி மாடு கீதுன்னு வரவன் போறவனுக்கு எப்டிம்மா தெரியும்? பையனுக்குப் பொண்ணு பாத்துகினு கீறோம். பொண்ணூட்டுக்காரங்க வந்தா மொதல்ல மேட்டத்தான் பாப்பாங்க. இந்த வருசம் வாணாம்."

ஊராட்சி அலுவலகத்தின் பின்னால் மாதிரிக்காக நானே ஒரு குழி வெட்டச் செய்தேன். ஓராண்டில் அதில் விழுந்த ஒரே குப்பை, எருக்குழியின் பயன்களை விளக்கி ஒன்றிய அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கைகள். அவை நன்றாக மக்கின.

மரம் நடுவதும் என் கடமைகளில் ஒன்று. வருஷா வருஷம் மழைக்காலத்தில் வன மகோத்சவம் வரும். ரோட்டோரமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பில் வட்டம் போட்டு, சிவப்பாகப் பூக்கும் குல்மொகர் நாற்றுகளை வரிசையாக வைப்போம். வட்டார வளர்ச்சி அதிகாரி வந்து முதல் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார். கைதட்டல், போட்டோ, சோடா. ஜீப் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் ஆடுகள் வந்துவிடும். அடுத்த வருஷம் அதே குழிகளைத் தூர் வாரி, அதே மாதிரி நாற்றுகளை நடுவோம். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குழிகளுக்கு ஐந்தாறு வயது இருக்கும். மரத்துக்குத்தான் வயது ஏறவில்லை.

மாதர் சங்கம் வியாழக்கிழமை மத்தியானங்களில் கூடும். ஒரு வியாழக்கிழமை நான் புகையில்லா அடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தலைவரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம். ஊரில் எல்லோரும் அவரைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். தலைவர் மேடையில் பேசும் பேச்செல்லாம் முந்தின நாள் அவர் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். சங்கத்தில் அதுவரை அவர் பேசியதில்லை. அன்றைக்கு வாய் திறந்தார்.

"பொகை வந்தா கண்ண கசக்கினு போய்டலாம். அது எங்களுக்குப் பேஜாரு இல்ல."

"வேற என்ன பேஜாரு, பெரிம்மா?"

பெண்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிம்மா சிரிக்கவில்லை.

"நீ காலையில எங்க போறே?"

நான் எங்கே போனேன் என்பதை வீட்டிலும் சொன்னதில்லை, அலுவலகத்திலும் சொன்னதில்லை. இருட்டு விலகுவதற்குள் ஏரிக்கரைக்கு ஓடினேன். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. சனிக்கிழமை பஸ் ஏறித் திருவள்ளூர் வீட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வாரத்தின் மற்ற நாள்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். சுகாதாரப் பாடத்தில் நான் முதல் மதிப்பெண் வாங்கியவள்.

ஏரிக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு காலத்தில் ஈச்சம்புதர் அடர்ந்து கிடந்ததாம். பெண்கள் ஒதுங்க அதுதான் இடம். ரோட்டை அகலப்படுத்தியபோது பாதி போயிற்று. செக்போஸ்ட்டில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கும் லாரிக்காரர்கள் சோறு பொங்க வெட்டி எரித்ததில் மீதியும் போயிற்று. இப்போது அது வெட்டவெளி. லாரிகள் வரிசையாக நிற்கும். தின்ற இலை, தேங்காய் ஓடு, டீக்கடைச் சக்கை, சாம்பல் எல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கும்.

"இருட்டுலயே போய்ட்றோம்," என்றார் பெரிம்மா. "லாரி லைட்டு அடிக்கச் சொல்ல எய்ந்து நிக்கணும். அது போனா ஒக்காரணும். அடுத்தது வந்தா மறுபடி எய்ந்து நிக்கணும். புள்ளத்தாச்சிப் பொண்ணுங்ககூட அப்டித்தான். சர்க்கார்ல இதுக்கு இன்னா வெச்சிகீறாங்க?"

சர்க்காரில் கழிப்பிடத் திட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது. மாதிரிக்கு வந்த இரண்டு பீங்கான்கள் ஒன்றிய அலுவலகத்து வாசலில் இருந்தன. அவற்றில் குரோட்டன்ஸ் செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

"மரம் இருக்கு. அடுத்த மழைக்கு நாத்து வரும்," என்றேன்.

"இன்னா மரம்?"

"குல்மொகர்."

"அது கொடை மாரி மேல போய்டும். கீழ இன்னாத்த மறைக்கும்?"

வன மகோத்சவத்தைப் பற்றி அதைவிடத் தெளிவான மதிப்பீட்டை நான் பிறகும் கேட்டதில்லை.

என்ன நடுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். வெளி ஓரத்தில் ஆடாதொடையும் நொச்சியும். இரண்டையும் ஆடு தொடாது. உள்ளே பூவரசம் போத்து வெட்டி ஊன்றலாம், கொடுக்காப்புளி விதை போடலாம், புங்கன் கன்றுகள் ஏரிக்கரையில் தானாகவே முளைத்துக் கிடந்தன. சிக்கல் மண்ணில்தான். மண்வெட்டி பட்டால் டங் என்று திரும்பும் களர். குழி வெட்டி, குப்பையும் சாணியும் அடுக்கடுக்காகப் போட்டு, மண் மூடி, மக்கவிட்டால்தான் அதில் வேர் இறங்கும் என்று சொன்னேன்.

பெரிம்மா என்னையே பார்த்தார். "அதான் நீ சொல்லிக்கினு இருந்த எருக்குழியா?"

"அதேதான்."

"இத்த மொதல்லியே சொல்லக் கூடாதா?"

ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் நெல்லுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரிம்மா கூடையோடு வந்து தன் வீட்டு மேட்டைச் சரிக்க ஆரம்பித்தார். தலைவர் வேப்பங்குச்சியும் கையுமாக வாசலுக்கு வந்தார்.

"இன்னாமே பண்றே? வெள்ளிக்கெயம பொண்ணூட்டுக்காரங்க வராங்க."

"வர்ற பொண்ணு காலையில எங்க போவும்னு யோசிச்சியா நீ?"

தலைவர் குச்சியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊர் ஆண்களுக்கு விஷயமே தெரியாது என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்தே இருந்திருக்கிறார்கள்.

உயரமான மேடு போன பிறகு மற்ற மேடுகளை அளந்து பார்க்க ஆளில்லை. ஒவ்வொன்றாக அவையும் கரைந்தன. மத்தியான நேரங்களில் பெண்கள் குழி வெட்டினார்கள், சுமந்தார்கள், சாணிப்பால் கரைத்து ஊற்றினார்கள். வீட்டுக் குப்பை தீர்ந்ததும் ரோட்டுப் பக்கம் போனார்கள். லாரிக்காரர்கள் எறிந்த இலைகள், டீக்கடைச் சக்கை, சாம்பல் எல்லாம் கூடையில் ஏறின. டீக்கடைக்காரர் முதலில் இவர்களுக்குப் பைத்தியம் என்றார். கடையைச் சுற்றி ஈ குறைந்ததும் தானே சுமந்து வந்து கொட்ட ஆரம்பித்தார். எதற்காக என்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

நானும் சுமந்தேன். சனிக்கிழமைகளில் வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றடியில் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்ப்பேன். அம்மா தண்ணீர் சேந்தி ஊற்றுவாள். அப்பா ஒரு முறை மட்டும், "மரம் வந்துதா?" என்றார். வருகிறது என்றேன்.

இரண்டு மழை போயிற்று. மூன்றாவது மழையில் ஆடாதொடை ஆள் உயரத்துக்கு வேலியாக நின்றது. அதற்குள்ளே பூவரசு ஒன்றோடொன்று கிளை கோத்துக்கொண்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சையாக ஒரு சுவர். உள்ளே பள்ளங்கள் வெட்டி, பக்கத்திலேயே மண்ணும் சாம்பலும் குவித்து வைத்தோம். போனவர்கள் மூடிவிட்டு வர வேண்டும். ஒரு பள்ளம் நிறைந்தால் மூடி, அதன் மேல் ஒரு கன்று. பயிற்சிப் புத்தகத்தின் அந்த ஒரு பக்கம் மட்டும் ஊரில் எழுத்துப் பிசகாமல் நடந்தது.

இருட்டில் ஓடுவது நின்றது. விடிந்த பிறகும் போகலாம் என்றானதும் பெண்களுக்கு அவசரமே போய்விட்டது. கூட்டமாகப் போய்க் கூட்டமாக வந்தார்கள். எந்த வீட்டில் என்ன சண்டை, எந்தப் பெண்ணை எங்கே கொடுக்கலாம், எந்தக் கழனியில் நடவு எப்போது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாயிற்று. மாதர் சங்கத்துக்கு எட்டிப் பார்க்காதவர்களும் அங்கே தவறாமல் வந்தார்கள். காப்பி நேரத்துக்கு யாரும் வீட்டில் இல்லை என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களால் முடியவில்லை.

மாத அறிக்கையில் 'மக்கள் பங்கேற்புக்குக் காரணம்' என்று ஒரு பத்தி உண்டு. 'நிழல், தூய்மை, இயற்கை எழில்' என்று எழுதினேன். அதில் தூய்மை மட்டும் பாதி உண்மை.

அந்த அறிக்கைதான் வினையாயிற்று. ஒரு நாள் பதினோரு மணிக்கு வட்டார அதிகாரியோடு ஜில்லா தலைமையிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். மரங்களைப் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அரசாங்க நாற்று ஒன்றுகூட இல்லை என்று கேட்டு ஆச்சரியப்பட்டார். பெரிம்மாவைப் பார்த்து, "எதுக்காகம்மா இவ்வளவு அக்கறையா வளர்த்தீங்க?" என்றார்.

"அவசரத்துக்குத்தான் சார்," என்றார் பெரிம்மா.

"ரொம்ப சரி. இன்னைக்கு நாட்டுக்கு மரம் அவசரத் தேவைதான்," என்று சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

போகும்போது உத்தரவு போட்டார். இது அரசாங்கத்தின் மாதிரித் தோப்பாக வேண்டும். அடுத்த மாதம் பட்டணத்திலிருந்து பெரியவர்கள் வருவார்கள். புதர்களை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள், கீழ்க்கிளைகளைக் கழியுங்கள், நடுவில் பாதை போடுங்கள், இரண்டு சிமெண்ட் பெஞ்சு, ஒரு போர்டு. "ரோட்டுல போறவங்க பார்த்தா உள்ள முழுசும் தெரியணும்," என்றார்.

வட்டார அதிகாரியைத் தனியாகப் பிடித்தேன். ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "சார், அது பெண்கள் வந்து போற இடம்," என்றேன்.

"நல்லதுதானேம்மா. அவங்களுக்குன்னு தனியா இன்னொரு பெஞ்சு போட்டுடலாம்," என்றார்.

அன்று சாயங்காலம் பெரிம்மாவிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நானே எழுதிய அறிக்கையால் வந்தது. அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"வெட்றதுக்கு முன்னாடி யாராச்சும் வருவாங்களா?"

"பாதைக்கு அளவெடுக்க அந்தப் பெரிய சாரே ஓவர்சியரோட வராராம். பத்து மணிக்கு."

"பத்து மணிக்கு வெயிலு. ஆறு மணிக்கு வரச் சொல்லு. நாஷ்டா நம்ம ஊட்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகு பயமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்: 'காலை ஆறு மணிக்கு வருகை தந்தால் தோப்பின் முழுப் பயன்பாட்டையும் நேரில் காணலாம்.' என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய முழு உண்மை அந்த ஒரு வரிதான்.

ஆறு மணிக்கு ஜீப் வந்தது. பெரிய அதிகாரி, வட்டார அதிகாரி, அளவு நாடாவோடு ஓவர்சியர். பெரிம்மாவைக் காணோம். மூன்று பேரையும் நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். ஆடாதொடை வேலிக்குப் பத்தடி தூரத்தில் உள்ளே யாரோ இருமினார்கள். அதிகாரி நின்றார். வலது பக்கம் ஓர் இருமல். இடது பக்கம் ஒன்று. பிறகு தோப்பே தொண்டையைக் கனைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வளையல்கள் குலுங்கின. செம்பு ஒன்று உருண்டது.

"யாருமே அது ரோட்டாண்ட? ஆம்பளைங்க மாரி கீது," என்றது ஒரு குரல்.

"ஆம்பளைங்களா இருந்தா நிப்பாங்களா?" இது பெரிம்மாவின் குரல்.

அதிகாரி சட்டென்று திரும்பி, ரோட்டில் நின்ற லாரிகளைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். வட்டார அதிகாரி ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. ஓவர்சியர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அதிகாரி மெதுவாகக் கேட்டார். "தினமுமா?"

"தினமும் சார்."

"இதுக்கு முன்னாடி எங்க?"

ரோட்டோரத்தைக் காட்டினேன். லாரி வெளிச்சத்தைப் பற்றியும், எழுந்து எழுந்து நிற்பதைப் பற்றியும் சொன்னேன். எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். "என் சம்சாரத்தோட ஊர்லயும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

தலைவர் வீட்டில் இட்லி பரிமாறும்போது பெரிம்மா ஒன்றும் நடக்காத மாதிரி கேட்டார். "மரம்லாம் பாத்தீங்களா சார்?"

"பார்த்தேம்மா," என்றார் அவர், இலையிலிருந்து தலை நிமிராமல்.

"கெளைய கய்ச்சிடலாமா?"

"வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. தோப்பு அதன் இயற்கை நிலையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பெஞ்சை விட்டுவிட்டார்கள். போர்டு மட்டும் வந்தது, அரசு முத்திரையோடு. லாரிக்காரர்கள் அதைப் பார்த்து ஏதோ ஆபீஸ் நிலம் என்று நினைத்து லாரியைத் தள்ளி நிறுத்தத் தொடங்கினார்கள். இந்த விஷயத்தில் சர்க்கார் செய்த உருப்படியான காரியம் அந்தப் போர்டு. அதற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

அடுத்த வருஷம் எனக்கு முக்கிய சேவிகாவாகப் பதவி உயர்வு கொடுத்து, பொதட்டூர்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். அங்கேயும் ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. எல்லா ஊர்களிலும் அதே மாதிரித் தோப்பு போட வேண்டும், ஆடாதொடை வேலியோடு, பார்வை நேரம் உட்பட. அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் குன்றும் பாறையுமாக மறைவுக்குப் பஞ்சமில்லை. "எதுக்கும்மா காலையில எட்டு மணிக்கு மேலதான் பாக்கணும்?" என்று என்னிடம் கேட்டார்கள். பனி விலக வேண்டும் என்றேன்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பழைய ஊரில் இறங்கினேன். ரோடு மறுபடியும் அகலமாகியிருந்தது. தோப்பில் ரோட்டுப் பக்க வரிசை போய்விட்டது; மீதி நின்றது. கொடுக்காப்புளி காய்த்துச் சிவந்து கிடந்தது. பெரிம்மாவுக்கு முட்டி வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். மருமகளைக் காணோமே என்றேன்.

"அட்டப்பொட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போவுது. கய்னிய பாத்துக்கினு ஊட்லயே இருன்னாரு எங்கூட்டுக்காரரு. இது கேக்கல."

"சம்பளம் நல்லா தராங்களா?"

"சம்பளம் ஒண்ணும் பெருசில்ல. உள்ளயே கதவு வெச்சி, தாப்பா வெச்சி, கொயாத் தண்ணியோட ரூமு கீதாம். லீவு நாள்லகூட போவலாமான்னு கேட்டுக்கினு கீது." பெரிம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "என்னால இப்போ தோப்பாண்ட குந்தி எய்ந்துக்க முடியல. நீ ஆபீசரா ஆய்ட்ட. எனக்கும் அங்க ஒரு வேல கேட்டுப் பாக்கறியா? பெருக்குற வேலன்னாலும் சரி."

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. மறுநாள் திரும்பும் வழியில் கம்பெனி வாசலில் இறங்கி, உள்ளே இருந்த மேனேஜரிடம் கேட்டேன். வயது அதிகம் என்று சொல்லிவிட்டார். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். கம்பெனிக்கு முன்னால் வரிசையாகக் குல்மொகர் நட்டிருப்பதாகச் சொல்லி, போகும்போது பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.